திறப்பு விழாவுக்குக் காத்திருந்த தண்ணீர்

ஒரு காட்டில் ஒரே ஒரு குட்டை இருந்தது. எருமைகள் அதில்தான் புரண்டன. பன்றிகள் அதில்தான் சேறாடின. குரங்குகள் அதில்தான் பழக்கொட்டைகளைத் துப்பின. பிறகு எல்லோரும் அதிலேயே குடித்தார்கள். குடித்துவிட்டு, "நம்ம குட்டைத் தண்ணி ருசி வேற எங்கயும் வராது" என்று பெருமையும் பட்டுக்கொண்டார்கள். வராதுதான். இத்தனை சாமான் போட்ட தண்ணீர் வேறு எங்கே கிடைக்கும்?

வெயில் ஏற ஏறக் குட்டை வற்றும். தண்ணீர் கஷாயம் மாதிரி கறுத்துப் போகும். உடனே குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள், குட்டிகளால் முடியாது. ஒவ்வொரு கோடையிலும் நாலைந்து குட்டிகள் செத்துப்போகும். "கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லி வேப்பிலை அடிப்பார்கள். அடித்து முடித்த களைப்பில் அதே குட்டைக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்கள்.

போன கோடையில் செத்ததில் ஒன்று, புள்ளிமானின் தலைச்சன் குட்டி. இந்த வருஷம் அதற்கு இன்னொரு குட்டி பிறந்திருந்தது. பங்குனி வெயில் ஆரம்பித்ததிலிருந்து மானுக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரிதான் இருந்தது. குட்டி தண்ணீரில் வாய் வைக்கும்போதெல்லாம் மான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

அந்தக் காட்டில் ஓர் அழுங்கும் இருந்தது. எறும்புதின்னி என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரி செதில். மண் வேலையில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒரு குறை. யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் பந்தாகச் சுருண்டுவிடும். திட்டினாலும் சுருளும், பாராட்டினாலும் சுருளும். அதனால் அது சொல்ல வந்ததை அந்தக் காட்டில் யாரும் கடைசிவரை கேட்டதே இல்லை.

ஒருநாள் குட்டைக் கரையில் அழுங்கு தனியாக வேலை செய்துகொண்டிருந்தது. உள்ளே பொந்து விழுந்த பெரிய மரத்தூர் ஒன்று அங்கே நின்றது. அதன் அடியில் கூழாங்கல்லைப் பரப்பியது. அதன்மேல் பொடிக்கல். அதன்மேல் காட்டுத்தீயில் மிஞ்சிய கரி. எல்லாவற்றுக்கும் மேலே, ஏழு முறை கழுவிய ஆற்றுமணலை இரண்டு முழ உயரத்துக்குக் கொட்டியது. அடியில் ஒரு துளை போட்டு மூங்கில் குழாயைச் செருகியது. பிறகு பின்னங்காலில் நடந்து, முன்கைகளில் கொட்டாங்குச்சியை ஏந்தி, குட்டைத் தண்ணீரைக் கொண்டுவந்து மணல்மேல் மெல்ல ஊற்றியது.

அந்த வழியே வந்த புள்ளிமான் நின்று பார்த்தது. "என்ன தம்பி பண்றே?"

"தண்ணியைச் சுத்தம் பண்றேன் அக்கா."

"மண்ணுல ஊத்தினா சேறுதானே ஆகும்?"

"ஆகாதுக்கா. இருபது நாள் இப்படியே ஊத்திக்கிட்டே வந்தா, மணல் மேல வழவழன்னு ஒரு ஏடு படியும், பாலாடை மாதிரி. அந்த ஏடுதான் நோயைத் தின்னும். அது காயக் கூடாது, அதை யாரும் தொடக் கூடாது. அவ்வளவுதான்."

அழுங்கு தன் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய பேச்சில் இதுதான் பெரியது. மான் மெதுவாகப் பேசியதால்தான் அதுவும் நடந்தது.

இருபது நாளும் அழுங்கு சலிக்காமல் ஊற்றியது. இருபத்தோராம் நாள் மூங்கில் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பளிங்கு மாதிரி இருந்தது. மான் ஓடிப்போய்த் தன் குட்டியைக் கூட்டிவந்தது.

வந்து பார்த்தால், மூங்கிலுக்கு முன்னே ஒரு சிவப்புப் பூங்கொடி குறுக்கே கட்டியிருந்தது. கொடிக்கு இந்தப் பக்கம் எருமை நின்றது. அந்தப் பக்கம் நரி நின்றது.

உழுகிற நாளில் ஊருக்குப் போனவன் அறுக்கிற நாளில் அரிவாளோடு வந்தானாம். நம்ம நரியும் அந்த ரகம்தான். மணல் கழுவியபோது அதைக் காணோம். தண்ணீர் தெளிந்த அன்று காலையிலேயே விழாக்குழு அமைத்துவிட்டது. தலைவர் நரி. செயலாளர் குரங்கு. பாதுகாப்புக்கு எருமை. அழுங்கைச் சேர்க்கவில்லை. குழு என்றால் பேசவேண்டும், பேசாதவருக்கு அங்கே என்ன வேலை?

"குட்டிக்குத் தாகமா இருக்கு அண்ணே. கொஞ்சம் வழி விடுங்க" என்றது மான்.

"விடலாம்மா, தாராளமா விடலாம். திறப்பு விழா முடியட்டும். சிங்கராஜா வந்து கொடியை வெட்டி, முதல் மடக்கு குடிப்பார். அப்புறம் உங்களுக்குத்தான்."

"அதுக்குள்ள ஒரு வாய் குடிச்சா என்ன?"

நரி காதுகளைப் பொத்திக்கொண்டது. "என்ன பேச்சு பேசறே? உன் குட்டி முதல்ல வாய் வெச்சா எச்சில் ஆயிடாதா? எச்சில் தண்ணியையா ராஜாவுக்குக் கொடுக்கறது?"

காட்டில் உள்ள அத்தனை பேரும் மூக்கையும் வாயையும் காலையும் வாலையும் முக்கிய குட்டையில்தான் ராஜாவும் இத்தனை வருஷம் குடித்துவந்தார். அதை யாரும் எச்சில் என்று சொன்னதில்லை. வழக்கம் ஆகிவிட்டால் அதற்குப் பெயர் வேறு.

"எப்ப வருவாராம்?"

"நாள் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

நாள் பார்த்தார்கள். முதலில் பார்த்த நாள் அஷ்டமி. அடுத்தது நவமி. அதற்கு அடுத்த வாரம் ராஜா ஒரு காட்டெருமையைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், எழுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. அவர் எழுந்தபோது சந்திராஷ்டமம். அது கழிந்தபோது கத்திரி வெயில் தொடங்கியது. ராஜாவுக்கு வெயில் ஆகாது, பிடரி சூடாகிவிடும்.

அழுங்கு மட்டும் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் ஏடு காய்ந்துவிடுமே. தெளிந்த நீர் மூங்கில் வழியே சொட்டி, வாய்க்காலில் ஓடி, மறுபடி குட்டையிலேயே போய்க் கலந்தது. கரையில் குட்டிகள் அதே குட்டையில் குடித்தன.

விழாக்குழு மட்டும் காலையும் மாலையும் கொடிக்கு அந்தப் பக்கம் போய் ஆளுக்கு ஒரு வயிறு குடித்துவிட்டு வந்தது.

"நீங்க மட்டும் குடிக்கலாமா அண்ணே?" என்று மான் கேட்டது.

"இது குடிக்கறது இல்லம்மா. சோதனை" என்று நரி வாயைத் துடைத்துக்கொண்டது.

மானின் கண் கொடியைத் தாண்டப் பார்க்கும். எருமையின் கொம்பு வரைக்கும் போய் நின்றுவிடும்.

அந்த வாரம் முயல் வீட்டில் ஒரு குட்டி இறந்துபோனது. விழாக்குழு கூடி இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. பிறகு உட்கார்ந்து, பந்தலைக் கிழக்கே பார்த்துப் போடுவதா, வடக்கே பார்த்துப் போடுவதா என்று மாலைவரை பேசியது. பாவம், முயலும் அழுதுகொண்டே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது. எழுந்து போனால் மரியாதை இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் மான்குட்டிக்கும் வயிற்றுப்போக்கு தொடங்கியது. சாயங்காலத்துக்குள் அதன் கண் குழி விழுந்துவிட்டது. கால் மடங்கிப் புதரடியில் கிடந்தது. மான் அழுங்கிடம் ஓடியது.

"தம்பி, போன வருஷம் ஒண்ணைக் கொடுத்துட்டேன். இதையும் கொடுக்க என்னால ஆகாது. ஏதாவது பண்ணு."

அழுங்கு, ஊர்க்காரர்கள் எறிந்துவிட்டுப் போன வாய் உடைந்த பானை ஒன்றை உருட்டி வந்தது. அடியில் சின்னத் துளை போட்டது. கல், கரி, மணல் எல்லாம் அதே வரிசையில் நிரப்பி, மான் இருந்த புதருக்குள்ளேயே மூன்று கல்லின்மேல் தூக்கி வைத்தது.

"இதுக்குத் திறப்பு விழா வைக்க மாட்டாங்களா?"

"உடைஞ்ச பானையைத் திறக்க எந்த ராஜா வருவாரு அக்கா?" என்றது அழுங்கு. சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "ஆனா ஒண்ணு. இதுலயும் ஏடு படியணும். அதுக்கு இருபது நாள் ஆகும்."

மான் குட்டியைப் பார்த்தது. அது இரண்டு நாள் தாங்குமா என்பதே சந்தேகம்.

அதே நேரத்தில் குட்டைக் கரையில் ஒரே பரபரப்பு. ராஜா நாளைக்கு வருகிறார் என்று செய்தி வந்துவிட்டது. நரி கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்வையிட்டது. மரத்தூருக்குள் எட்டிப் பார்த்ததும் அதற்கு மூச்சே நின்றுவிட்டது.

"யோவ் குரங்கு, என்னய்யா இது? உள்ள ஒரே பாசி!"

குரங்கும் எட்டிப் பார்த்தது. "ஆமா தலைவரே. பச்சையா, வழவழன்னு, பார்க்கவே குமட்டுது."

"ராஜா எட்டிப் பார்த்தா என் மானம் போயிடும். மொத்தத்தையும் சுரண்டி எறி. மணல் பல்லு மாதிரி வெள்ளையா இருக்கணும். அப்புறம் இந்தத் தண்ணி என்ன, மூக்கு ஒழுகற மாதிரி சொட்டுது? ராஜா வந்து ஒரு மடக்குக்கு ஒரு நாழி காத்துக்கிட்டு நிப்பாரா? பாதி மணலை வாரிடு. தடதடன்னு கொட்டணும்."

சத்தம் கேட்டு அழுங்கு தத்தித் தத்தி வந்தது. "அதைத் தொடாதீங்க, அந்த ஏடுதான்..."

"யாரது குறுக்கே பேசறது?" என்று நரி கத்தியது.

அழுங்கு சுருண்டுவிட்டது. குரங்கு அதை ஓரமாக உருட்டிவிட்டு வேலையில் இறங்கியது. தேங்காய் நாரால் சுரண்டியது, தேய்த்தது. இத்தனை நாள் ஊறி வளர்ந்த ஏட்டை மணலோடு வாரி, புதர்ப் பக்கமாக வீசியது. மான் இருந்த அதே புதர்தான். ஊரில் குப்பை கொட்டும் இடம் எப்போதும் ஏழை வீட்டு வாசலாகத்தானே இருக்கும்?

சுருண்டு கிடந்த அழுங்கு ஒரு செதிலைத் தூக்கி, அந்தப் பச்சை மணல் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தது. உடனே விரிந்தது. அந்தக் காட்டில் அழுங்கு ஓடி யாரும் பார்த்ததில்லை, அன்று ஓடியது.

"அக்கா, இருபது நாள் வேண்டாம். அவங்களே எடுத்துப் போட்டுட்டாங்க."

காய்வதற்குள் அந்த ஏட்டு மணலை இரண்டு கையாலும் அள்ளிவந்து, உடைந்த பானையில் மணல்மேல் ஒரு போர்வை மாதிரி பரப்பியது. கொட்டாங்குச்சியால் மெல்லத் தண்ணீர் ஊற்றியது. பானையடியில் ஒரு தேக்கிலையை வைத்தது. மானும் அழுங்கும் இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கொஞ்ச நேரம் கலங்கலாக வந்ததை அழுங்கு கீழே ஊற்றிவிட்டது. பிறகு தெளிந்து சொட்டியது. இலை நிறைந்ததும் மான் அதைக் குட்டியின் வாயருகே தள்ளியது. குட்டி நாக்கை நீட்டிக் குடித்தது.

மறுநாள் விழா. பந்தல், தோரணம், மேளம். மரங்கொத்தி ஒரு பலகைக்கல்லில் கல்வெட்டு கொத்தியிருந்தது: "மாமன்னர் சிங்கராஜா அவர்களின் திருக்கரங்களால் திறந்துவைக்கப்பட்டது. முயற்சி: நரியார். உழைப்பு: விழாக்குழு." அழுங்கின் பெயருக்குக் கல்லில் இடம் போதவில்லையாம்.

அழுங்குக்கு மனம் கேட்கவில்லை. தன்னைத் திட்டியவர்கள் மேல்கூட அதற்குக் கோபம் வரத் தெரியாது. ராஜா வந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் போய், "ராஜா, இன்னிக்குக் குடிக்காதீங்க" என்றது.

அந்த நேரம் பார்த்து மேளம் முழங்கியது. அழுங்கு பந்தாகிவிட்டது. ராஜாவின் காலடியில் உருண்டையாக ஏதோ கிடப்பதைப் பார்த்த குரங்கு, யாரோ முக்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அதை இன்னும் கொஞ்சம் அருகே தள்ளியது. ராஜா அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நரி ஒரு நாழி வரவேற்புரை ஆற்றியது. எருமை நன்றியுரை சொல்லவேண்டும், ஆனால் நின்றுகொண்டே தூங்கிவிட்டது. ராஜா கொடியைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினார். தண்ணீர் தடதடவென்று கொட்டியது. உள்ளே மணல் வெள்ளைவெளேரென்று இருந்தது. கூட்டம் கைதட்டியது. ராஜா வயிறு முட்டக் குடித்தார்.

"பழைய ருசி மாறவே இல்லையே" என்று பாராட்டினார்.

எப்படி மாறும்? அது குட்டைத் தண்ணீர்தான். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வந்திருந்தது, அவ்வளவுதான்.

கோடையில் வற்றிக் கெட்ட தண்ணீரை அவ்வளவு குடித்ததால், அன்று மாலையே ராஜாவுக்கு வயிறு கலங்கியது. இரண்டாம் நாள் குகைக்கும் புதருக்கும் நடந்தே கால் ஓய்ந்தது. மூன்றாம் நாள் நடக்கவும் முடியவில்லை.

"கண்ணு பட்டிருக்கும் ராஜா" என்றது நரி. "அவ்வளவு கூட்டம் வந்ததே." வேப்பிலை அடிக்க ஏற்பாடு செய்தது. மருந்தாக இருக்கட்டும் என்று திறப்பு விழாத் தண்ணீரையே குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்தது. ராஜா குடித்தார். இன்னும் மோசமானார்.

நான்காம் நாள் காலை, குகை வாசலில் துவண்டு கிடந்த ராஜாவின் கண்ணெதிரே ஒரு மான்குட்டி துள்ளிக்கொண்டு போனது. சாகக் கிடக்கிறது என்று எல்லோரும் சொன்ன அதே குட்டி. ராஜா தரையோடு தரையாக உடம்பை இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனார். புதரை விலக்கினார். உள்ளே மான், குட்டி, அழுங்கு, ஓர் உடைந்த பானை.

மான் சட்டென்று குட்டிக்கு முன்னே வந்து நின்றது. நகரவில்லை.

"பயப்படாதே" என்றார் ராஜா. குரல் பூனைக்குரல் மாதிரி வந்தது. "இப்போ உன்னைப் பார்த்தாக்கூட எனக்குப் பசிக்கலை. உன் குட்டி எப்படிப் பிழைச்சது?"

"இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் ராஜா."

"நானும்தானே குடிச்சேன். வெள்ளை மணல்ல, பெரிய விழாவுல."

"நீங்க குடிச்சது விழாத் தண்ணி. உங்களுக்காகச் சுரண்டிக் கொட்டின அழுக்குலதான் எங்க தண்ணி சுத்தமாகுது."

ராஜாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் தாகம் முழுசாக இருந்தது. அவர் இலையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். "கொஞ்சம் கொடு."

"கொடுக்கறேன். ஆனா அது எச்சில் தண்ணி ராஜா. என் குட்டி இப்பத்தான் அதுல வாய் வெச்சுது."

ராஜா குனிந்து, குட்டி குடித்து வைத்த மிச்சத்தை இலை காயும்வரை நக்கினார். பிறகு அடுத்த இலை நிறையும்வரை மான்குட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஐந்து நாள் அப்படி வரிசையில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் மானிடம் கேட்டுக்கொண்டே குடித்தபின் ராஜா எழுந்து நடந்தார். நேராகக் குட்டைக் கரைக்கு வந்தார். நரி ஓடிவந்து வணங்கியது.

"ராஜா குணமானதுக்கு ஒரு பாராட்டு விழா..."

"உட்காரு" என்றார் ராஜா. நரி உட்கார்ந்தது. ராஜா அழுங்கின் பக்கம் திரும்பி, தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார். "நீ சொல்ல வந்ததைச் சொல்லு."

அழுங்கு சொன்னது. முதல்முறையாகக் காடு அதைக் கடைசிவரை கேட்டது. வாரிய மணலைக் கழுவித் திரும்பப் போடவேண்டும். பானையில் மிஞ்சிய ஏட்டைக் குட்டிகளுக்காக அப்படியே விட்டுவிட வேண்டும். மரத்தூரில் புது ஏடு படிய இன்னும் இருபது நாள் ஆகும்.

"சரி. இருபது நாளும் பானைத் தண்ணி குட்டிகளுக்கு" என்றார் ராஜா. "மிச்சம் இருந்தா சீக்காளிகளுக்கு. விழாக்குழு மட்டும் தினமும் காலையும் மாலையும் குட்டைத் தண்ணியைக் குடிக்கட்டும். எங்க கண்ணெதிர்லயே."

"ராஜா, அது..." என்று நரி எச்சிலை விழுங்கியது.

"அது குடிக்கறது இல்ல. சோதனை."

கல்வெட்டும் வீணாகவில்லை. மரத்தூருக்குள் தூசி விழாமல் இருக்க ஒரு மூடி தேவைப்பட்டது, அதற்கு அந்தப் பலகைக்கல் அளவாக இருந்தது. எழுத்து உள்பக்கம் பார்த்திருக்கும்படி கவிழ்த்துப் போட்டார்கள். எல்லோரும் அழுங்கைப் பாராட்ட வந்தார்கள். அது வழக்கம்போலச் சுருண்டுவிட்டது. இந்த முறை அதன்மேல் யாரும் கால் வைக்கவில்லை.

இருபத்தோராம் நாள் மூங்கிலில் தெளிந்த தண்ணீர் விழுந்தபோது முயல் தன் மிச்சக் குட்டிகளோடு முதலில் நின்றது. அடுத்து மானும் அதன் குட்டியும். கொடி கட்டவில்லை, மேளம் இல்லை, யாரும் கைதட்டவும் இல்லை. எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நீதி: கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம், தாகத்துக்கு நாள் பார்க்கக் கூடாது.